அம்புறோஸின் பதினாறு கிலோபிற்

அம்புறோஸின் கையில் மைக் அகப்பட்டால் அது இலேசில் திரும்பி வராது. கோயில் பெருநாளில் தொலைந்துபோன சைக்கிள் பூட்டின் திறப்பைத் தேடிக் கொடுப்பதென்றாலும், மீனவர் சங்கக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவதென்றாலும் ஊர்காவற்றுறையில் அவர்தான். உதைபந்தாட்டம் என்றால் சொல்லவே வேண்டாம். விடியக் கடலுக்குப் போய் வந்து, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, பின்னேரம் நான்கு மணிக்குக் கிணற்றடியில் தோய்ந்து, மினுக்கிய சேட்டோடு மைதானத்துக்கு வந்துவிடுவார். பந்து எங்கே போகிறது என்பது கண் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அம்புறோஸ் சொன்னால்தான் அது போனதாகச் சனம் ஒத்துக்கொள்ளும்.

அந்த வாய்தான் அவருடைய மூத்த மகனைப் பிரான்சுக்கு அனுப்பியது. அனுப்ப வேண்டும் என்று அது நினைக்கவில்லை, பாவம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, இடம்பெயர்ந்த சனம் தீவுக்குத் திரும்பிய பிறகு நடந்த முதல் சுற்றுப்போட்டி. கடற்சுடர் கழகத்தின் கோலில் நின்றவன் அந்த மூத்த மகன் நிருபன், வயது இருபத்தொன்று. இறுதியாட்டத்தில் ஒரு பந்து, சின்னப்பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து, அவன் கைக்கடியால் உருண்டு உள்ளே போனது. அம்புறோஸ் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "கோலுக்குள்ளை ஆளில்லைச் சனங்களே, கொடியிலை காயப்போடுற மாதிரி ஒரு சேட்டைக் கொழுவி விட்டிருக்கினம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த நாள் சந்தையில் சிரித்தார்கள், இறங்குதுறையில் சிரித்தார்கள், ஒரு கிழமை கழித்துப் பூசை முடிந்து வரும்போதும் யாரோ சிரித்தார்கள். நாலு மாதத்தில் நிருபன் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஊரார் பரிசு என்று சொல்லும் பாரிஸ் நகருக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு ஏழு வருடம் தகப்பனும் மகனும் ஒரு சொல் நேரே பேசவில்லை. கோபம் என்று இருவரும் சொன்னதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிருபன் தாய் றோசுக்குத் தொலைபேசி எடுப்பான். "அப்பா சுகமோ எண்டு கேளுங்கோ" என்பான். றோசுக்குப் பக்கத்தில், காது ரிசீவரில் முட்டுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிற அம்புறோஸ், "சுகம் எண்டு சொல்லு. அங்கை குளிரோ எண்டு கேள்" என்பார். றோஸ் பொறுமையான மனுசி. "நான் என்ன, ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ" என்று ஒருநாள் இரண்டு பேரையும் கேட்டாள். கேட்டுவிட்டு, குளிரைப் பற்றியும் விசாரித்துச் சொன்னாள்.

இதையெல்லாம் ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் இளையவள் ஜெயந்தா. வாய் ஓயாத மனுசன், சொந்தப் பிள்ளையோடு கதைக்க மட்டும் வாயில்லாமல் நிற்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சல் வரும், பிறகு அழுகை வரும். இரண்டு பேரும் ஒருதரம் நேருக்குநேர் கதைத்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. வேறு ஆசைகளும் இருந்தன, ஆனால் இது முந்தியது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அவளுக்கு இருபத்தாறு வயது. சமாதான காலம். பாதை திறந்து, யாழ்ப்பாணத்தில் கணினி வலையமைப்பு படித்து முடித்தவள், மைதானத்தோடு ஒட்டியிருந்த மீனவர் சங்கக் கட்டடத்தில் தொடர்பு நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தாள். வெளிநாட்டோடு இணையம் வழியாகக் கதைக்க ஐந்து பலகைக் கூண்டுகள், நான்கு கணினிகள், கூரையில் ஒரு கம்பம். கம்பத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வானலையில் ஓர் இணைப்பு. அந்த இணைப்பின் அகலம் நூற்று இருபத்தெட்டு கிலோபிற். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அதில்தான் தீவில் பாதி, தன் பிள்ளைகளோடு கதைத்தது.

தொடங்கிய புதிதில் பெரிய குழப்பம். யாரோ ஒருவர் கணினியில் படப்பாட்டு ஒன்றை இறக்கத் தொடங்கினால், கூண்டுக்குள் இருக்கிறவர்களின் பேச்சு துண்டு துண்டாக வெட்டுப்படும். "மகள், எனக்குக் கா... மகள், என்ன சொன்... " என்று ஐந்து கூண்டிலும் ஓலம் எழும்பும். ஜெயந்தா மூன்று நாள் புத்தகமும் கையுமாக இருந்து இணைப்பைப் பங்கிடுகிற றவுட்டர் பெட்டிக்குள் ஒரு கொள்கையை எழுதினாள். எழுதிவிட்டுச் சங்க நிர்வாகக் குழுவுக்கு விளக்கமும் சொன்னாள்.

"காரைநகருக்குப் போற படகை யோசிச்சுப் பாருங்கோ. வருத்தக்காரரும் பிள்ளைத்தாச்சியளும் முதல் ஏறுவினம். பிறகு மற்றச் சனம். கடைசியாச் சைக்கிளும் ஆடுமாடும். இதுவும் அப்பிடித்தான். குரல் முதலாம் வகுப்பு. அதுக்கெண்டு அறுபத்துநாலு கிலோபிற்றை ஒதுக்கிப்போட்டன், வேறை ஒண்டும் அதுக்கை வரேலாது. ஒரு குரலுக்குப் பதினாறு வேணும், அப்ப ஒரே நேரத்திலை நாலு பேர் வடிவாக் கதைக்கலாம். ஈமெயில் கடிதம் இரண்டாம் வகுப்பு. பாட்டு, படம் கடைசி."

சங்கத் தலைவர் அரியநாயகம் மீசையைத் தடவினார். "என்ர கடிதமும் இரண்டாம் வகுப்பிலையோ?"

"உங்கட கடிதமும் கடிதம்தானே மாமா. இந்தப் பெட்டிக்கு ஆளைத் தெரியாது. என்ன போகுது எண்டுதான் தெரியும்."

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தன் மகளோடு அரை மணித்தியாலம் ஒரு சொல் வெட்டுப்படாமல் கதைத்து வந்தபின், "அந்தப் பிள்ளை கெட்டிக்காரி" என்று தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கூண்டில் மூன்று பேருக்குமேல் ஒரே நேரத்தில் கதைக்கிற நாள் அபூர்வம். கணக்கு நன்றாக இருந்தது.

ஆனி மாதம் கடற்சுடர் கழகம் மறுபடியும் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரணி வேலணைச் செம்பனை. பரிசிலிருக்கிற ஊர்ச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாங்கள் ஒரு மண்டபம் எடுத்து இருநூறு பேர் கூடப்போவதாகவும், வர்ணனையை நேரடியாக இணையத்தில் தரமுடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். வர்ணனை அம்புறோஸ் அண்ணையாக இருக்க வேண்டும், வேறு யாரென்றாலும் வேண்டாம் என்றும் இருந்தது. அந்தப் பக்கத்துக் கணினியையும் ஒலிபெருக்கியையும் பார்க்கப்போகிறவர் பெயர் கடிதத்தின் அடியில் இருந்தது. நிருபன்.

ஜெயந்தா அந்தப் பெயரை நாலு தரம் வாசித்தாள். பிறகு வீட்டுக்குப் போய், கூழ் குடித்துக்கொண்டிருந்த தகப்பனிடம் ஒன்றுமில்லாத மாதிரிச் சொன்னாள்.

"பரிசிலை மண்டபத்துக்கு லைன் போடுறது அண்ணாதானாம்."

"ஓகோ" என்றார் அம்புறோஸ். அவ்வளவுதான். ஆனால் இரவு படுக்கும்வரை இரண்டு தரம் "எத்தினை மணிக்குத் தொடங்கிறது?" என்று கேட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த விசயம்.

தலைவர் அரியநாயகம் நிலையத்துக்கு வந்து உத்தரவு போட்டார். "பிள்ளை, இந்த வர்ணனைக்கு எல்லாத்துக்கும் மேலை தனியா ஒரு வகுப்புப் போடும். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது."

"அது ஏலாது மாமா."

"ஏன் ஏலாது? மிசினுக்குத் தெரியாதோ?"

"மிசினுக்குத் தெரியும். எனக்குத்தான் மனம் வருகுதில்லை. தாயும் பிள்ளையும் கதைக்கிறதுக்கு மேலை ஒரு பந்தைக் கொண்டுபோய் வைக்கிறதோ? வர்ணனையும் ஒரு குரல்தானே. கூண்டிலை மூண்டு, வர்ணனை ஒண்டு. நாலு. கணக்குச் சரி."

அவள் சொன்ன கணக்கு உண்மையிலேயே சரி. அவள் கணக்கில் எடுக்காமல் விட்டது தன் ஊர்ச் சனத்தின் குணத்தை. நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஏதாவது நடந்துவிட்டால், அதைத் தாங்களும் பார்த்து, மற்றவனும் பார்த்தான் என்று தெரிந்திருந்தாலும், உடனே அவனுக்கு எடுத்து அது நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது நெஞ்சுக்குள் செமிக்காது.

முதல் நாள் பின்னேரம் ஒத்திகை. அம்புறோசுக்குச் சும்மா இருந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆகவே மீன்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். "ஒட்டி வலப்பக்கமா வாறார். ஓராவுக்குக் குடுக்கிறார். ஓரா, விளைமீனுக்கு. குறுக்கை சூடை பாயுது. பாரை அடிக்கிறார், பாரை..." என்று அரை மணித்தியாலம் கடலையே விளையாட விட்டார். பரிசிலிருந்து கடிதத்தில் பதில் வந்தது: குரல் கண்ணாடி மாதிரி வருகிறது, எங்களுக்குப் பசிக்கத் தொடங்கிவிட்டது. மண்டபத்துச் சத்தம் திரும்பி இங்கே ஒலிபெருக்கியில் வந்து எதிரொலித்ததால், வருகிற பக்கத்தை மட்டும் ஜெயந்தா மூடிவிட்டாள். இங்கிருந்து போகும், அங்கிருந்து கேட்காது.

இறுதியாட்டத்தன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. வேலணையிலிருந்து இரண்டு பஸ் நிறையச் சனம் வந்திருந்தது. நிலையத்தின் விறாந்தையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அம்புறோஸ், அவருக்குப் பின்னாலிருந்த யன்னலுக்கு உட்பக்கத்தில் தன் கணினியோடு ஜெயந்தா. கை நீட்டினால் தகப்பனின் தோளைத் தொடலாம். றோஸ் விறாந்தைப் படியில் செபமாலையோடு இருந்தாள். எந்தக் கழகத்துக்காகச் செபிக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் கழகத்துக்காகச் செபிக்கவில்லை.

பத்தாவது நிமிடத்தில் கடற்சுடர் ஒரு கோல் போட்டது. அம்புறோஸ் கதிரையை விட்டு எழும்பி, தொண்டை கிழியக் கத்தினார். உடனே கூண்டுகளில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பரிசு, லண்டன், மறுபடியும் பரிசு. "கோல் போட்டிட்டியள், கேட்டது" என்று சொல்லத்தான் எடுத்தார்கள். ஜெயந்தா திரையைப் பார்த்தாள். முதலாம் வகுப்பில் நான்கு குரல், அறுபத்துநான்கு. விளிம்புவரை நிறைந்து, ஒரு துளியும் சிந்தவில்லை. அவளுக்கு அப்படி ஒரு பெருமை வந்தது. தலைவர் இந்தப் பக்கம் வந்தால் காட்டலாம் என்று நினைத்தாள்.

இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலணைக்காரன் ஒருவன் தூரத்தில் நின்று சும்மா ஒரு அடி அடித்தான். கடற்சுடர் கோலில் நின்றவன் ஷாருஜன், பத்தொன்பது வயசுப் பெடியன். பந்து நேரே அவனிடம்தான் வந்தது. அவன் குனிந்தான். பந்து அவன் கைக்கடியால் போய் வலையில் கிடந்தது.

மைதானத்தின் ஒரு பாதி துள்ளியது. மற்றப் பாதி, சொல்லி வைத்த மாதிரி, விறாந்தைப் பக்கம் திரும்பியது. அம்புறோஸ் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க அவர்களுக்கு ஆசை. அந்தப் பழைய சேட்டுப் பகிடியை மறந்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. ஷாருஜனும் திரும்பிப் பார்த்தான்.

அம்புறோஸ் தொண்டையைச் செருமினார்.

"கோல்" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். "ஷாருஜனிலை பிழையில்லை. இந்த நேரத்திலை அந்தக் கோலிலை நிக்கிறவனுக்கு வெயில் நேரே கண்ணுக்கை அடிக்கும். எனக்கு அது தெரியும். ஏழு வருசத்துக்கு முதலும் தெரியும். அண்டைக்கும் இதே கோல், இதே வெயில். அங்கை நிண்டது என்ர மூத்தவன். நான் வெயிலைச் சொல்லேல்லை. சனம் சிரிக்கவேணுமெண்டு வேறை கதை சொன்னனான்." கொஞ்சம் நிறுத்தினார். "பிழை என்ர வாயிலை. பிள்ளையிலை இல்லை. அதை இண்டைக்குச் சொல்லுறன்."

ஜெயந்தாவின் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் திரையைப் பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

ஐந்து கூண்டிலும் ஆள். கோல் விழுந்ததுமே பரிசிலும் லண்டனிலும் கனடாவிலும் இருந்து எடுத்திருந்தார்கள், "கோலிலை நிண்டது ஆரின்ரை பெடியன்?" என்று கேட்க. ஐந்து குரலும் வர்ணனையும் ஆறு. நாலு பேர் இருக்கிற வாங்குப் பலகையில் ஆறு பேர் இருந்தால் கடைசியாய் வந்தவன் மட்டும் விழுவதில்லை, எல்லோருக்கும் பாதி இருக்கைதான். ஆறு குரலும் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. கூண்டுகளுக்குள் "அலோ, அலோ" என்ற கத்தல். வெட்டுப்பட்டவற்றில் ஒன்று, ஏழு வருடம் அம்புறோஸின் தொண்டையில் நின்ற சொல்.

இடைவேளை ஊதல் கேட்டது. பரிசிலிருந்து கடிதம் வந்தது: கடைசி ஐந்து நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. 'வெயில்' என்று கேட்டது, பிறகு 'வாயிலை' என்று கேட்டது. அப்பா என்ன சொன்னவர்?

அப்பா என்று இருந்ததால் யார் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்தது.

விறாந்தைக்கு ஓடினாள். "அப்பா, லைன் வெட்டிப்போட்டுது. நீங்கள் சொன்னது அங்கை போகேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அம்புறோஸ் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார். போத்தலை மெல்லக் கீழே வைத்தார். "சொன்னதைத் திருப்பிச் சொல்ல நான் என்ன, றெக்கோட்டோ?"

"அப்பா."

"இல்லைப் பிள்ளை. ஒருக்கா வந்தது. இனி வராது."

அவளுக்குத் தகப்பனைத் தெரியும். கடலில் விட்ட மீனுக்குப் பின்னால் போகிற ஆள் இல்லை. பிழை தகப்பனுடையதும் இல்லை, தன்னுடையது. எல்லோரும் ஒன்று என்று நினைத்து எல்லாக் குரலையும் ஒரே வகுப்பில் போட்டவள் அவள்தான். அந்த நல்ல மனத்தால் ஒருவருடைய குரலும் உருப்படியாய்ப் போகவில்லை. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இடைவேளை பதினைந்து நிமிடம். உட்கார்ந்து கொள்கையைத் திருத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு வகுப்பு, வர்ணனைக்கு மட்டும், பதினாறு கிலோபிற். ஒருவரும் பயன்படுத்தாவிட்டாலும் அது அவருக்கே கிடக்கும். கூண்டுகளுக்கு நாற்பத்தெட்டு, மூன்று குரல். நான்காவது ஆள் எடுத்தால் உள்ளே விடாமல், பிறகு எடுக்கச் சொல்லும் ஒலி மட்டும் கேட்கும். கதவைச் சாத்தத் தெரியாதவன் வீட்டில் விருந்து வைக்கக்கூடாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கூண்டுக்கு வெளியே நின்றவர்களிடம் போய்ச் சொன்னாள். "ஒரு நேரத்திலை மூண்டு பேர்தான். மற்றவை பொறுக்க வேணும்."

முன்னுக்கு நின்றவள் அல்போன்சம்மா. கருவாடு போடுகிறவள், தீவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிட்டதில்லை. "அப்ப பந்துதான் எங்களைவிடப் பெரிசோ?" என்று கேட்டாள்.

"பந்தில்லை மாமி. அப்பா."

அல்போன்சம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "அவர் சொன்னது அங்கை போகேல்லையோ?"

"இல்லை."

"அந்தப் பெடியனுக்குக் கேக்கேல்லையோ?"

"ஒரு சொல்லும் கேக்கேல்லை மாமி."

அல்போன்சம்மா கூண்டுக்குள் போய்க் கதவை இழுத்துப் பூட்டினாள். பலகைக் கதவு. அவளுடைய குரலுக்கு அது ஒரு கதவே இல்லை.

"மகள், உன்ர மச்சான் பரிசிலை அந்த மண்டபத்திலைதானே நிக்கிறான்? கேள், வையாதை. அம்புறோஸ் அண்ணை மைக்கிலை அழுதவர். ஓம், அழுதவர், நான் கண்டனான். பிழை தன்ரையாம், வெயிலாம். நிருபனிட்டைச் சொல்லச் சொல்லு. இப்பவே சொல்லச் சொல்லு."

ஜெயந்தா அசையாமல் நின்றாள். இரண்டாவது கூண்டிலிருந்து ஓர் ஆண் குரல்: "மன்னிப்புக் கேட்டவரடா. எழும்பி நிண்டு, தொப்பியைக் கழட்டிப்போட்டுக் கேட்டவர்." அம்புறோசிடம் தொப்பி என்ற ஒன்று பிறந்ததிலிருந்து இருந்ததில்லை. மூன்றாவது கூண்டின் கதையில் அவர் மைக்கையே தூக்கி எறிந்துவிட்டார். ஒருவர் வெளியே வர மற்றவர் உள்ளே போனார். இரண்டாவது பாதி முழுக்க மூன்று கூண்டும் ஓயவில்லை, மூன்று குரலும் வெட்டுப்படவில்லை. மைதானத்திலே என்ன நடக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் கவலையில்லை. இப்படி ஒரு சனத்தோடு பிறந்ததற்காக ஜெயந்தாவுக்கு அந்த நேரத்தில் தலைகால் தெரியாத சந்தோசம் வந்தது. வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, தண்ட உதைக்கு வந்தது. அணிக்கு ஐந்து. கடற்சுடர் நான்கு போட்டுவிட்டது. வேலணை மூன்று போட்டு, கடைசி உதை பாக்கி. ஷாருஜன் தடுத்தால் கிண்ணம் இங்கே. அம்புறோஸ் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தார். "வேலணைக்காரர் பந்தை வைக்கிறார். பின்னுக்கு வாறார். நாலு அடி, அஞ்சு அடி. சனங்களே, மூச்சு விடாதேயுங்கோ..."

அதே நேரத்தில் ஜெயந்தாவின் திரையில் ஒரு வரி வந்தது: தங்கச்சி, நான் இங்கை மைக்கிலை நிக்கிறன். அப்பாவின்ரை பக்கத்தைத் திறக்க ஏலுமோ?

அவள் யோசிக்கவில்லை. மூடியிருந்த பக்கத்தைத் திறந்து, ஒலிபெருக்கிக்குப் போகாமல் திருப்பி, தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, யன்னலுக்குள்ளால் கையை விட்டுத் தகப்பனின் காதுகளில் மாட்டினாள்.

"அப்பா" என்றது ஹெட்போன்.

"ஆர்?" என்றார் அம்புறோஸ்.

அந்த "ஆர்" ஒலிபெருக்கியில் போய் மைதானம் முழுக்க விழுந்தது. பந்தை அடிக்க ஓடிவரப் போனவன் நின்றுவிட்டான். நடுவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான்தான் அப்பா. நிருபன். இங்கை ஆளாளுக்கு ஒவ்வொரு கதை சொல்லுகினம். ஒருத்தர் சொல்லுறார் நீங்கள் அழுதனீங்கள் எண்டு. மற்றவர் சொல்லுறார் மைக்கைத் தூக்கி எறிஞ்சனீங்கள் எண்டு. எது உண்மை?"

அம்புறோசுக்கு மைக் கையில் இருந்தால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. அது அவருடைய பிறவிக் குணம்.

"மைக்கை நான் எறிவனோ?" என்றார்.

ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே மைதானம் சிரித்தது. பரிசில் இருநூறு பேர் தெரிந்துகொண்டே சிரித்தார்கள்.

"அப்ப அழுதது உண்மை" என்றான் நிருபன். அவன் குரலும் சரியாக இல்லை.

அம்புறோஸ், முப்பது வருட வர்ணனையில் முதல்முறையாக மைக்குக்கு முன்னால் பேசாமல் நின்றார். றோஸ் செபமாலையை மடியில் விட்டுவிட்டு எழும்பினாள். அந்த அமைதிக்குள் நடுவர் ஊதினார், வேலணைக்காரன் ஓடிவந்து அடித்தான், ஷாருஜன் இடப்பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். கடற்சுடர் வென்றது. மைதானத்தில் கிளம்பிய சத்தத்தில் இறங்குதுறைப் பக்கமிருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. வர்ணனை சொல்ல மட்டும் ஆளில்லை.

மைக் வழியாக அந்தச் சத்தம் மட்டும் பரிசுக்குப் போனது. மண்டபத்தில் இருநூறு பேரும் எழும்பி நின்று கத்துவது ஹெட்போனைத் தாண்டி ஜெயந்தாவுக்கே கேட்டது. கோலோ, பிடிச்சவனோ, அண்ணை சொல்லுங்கோ, என்ன நடந்தது என்று ஒரே கூச்சல்.

"அப்பா, இங்கை சனம் என்னைக் கொல்லப்போகுது" என்றான் நிருபன். "பந்துக்கு என்ன நடந்தது?"

அம்புறோஸ் மைதானத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பந்து கிடக்கட்டும்" என்றார். "நீ கதை, தம்பி."

உள்ளே கூண்டுகளில் மணிகள் அடிக்கத் தொடங்கின. மூன்றை றவுட்டர் உள்ளே விட்டது, மற்ற எல்லோரையும் பிறகு எடுக்கச் சொன்னது. அம்புறோஸ் சொன்னது ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல் பரிசுக்குப் போய்ச் சேர்ந்தது.